அட்மிரல் எதை ஒத்துக்கொண்டார்?

ராணுவத்துக்காரர்கள் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசத் தொடங்கியதில் சூழலியல் நண்பர்கள் பலருக்கு ஒரு சந்தோஷம். ‘பாத்தீங்களா, அமெரிக்க அட்மிரலே ஒத்துக்கிட்டாரு’ என்கிறார்கள். சரி, எதை ஒத்துக்கொண்டார்?

டேவிட் டிட்லி வானிலையும் கடலியலும் படித்தவர். முப்பதாண்டுகளுக்கு மேல் கடற்படையில் இருந்து ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றவர். முதலில் இதையெல்லாம் சந்தேகித்து, பிறகு தரவுகளைப் பார்த்து மனம் மாறியவர். 2009இல் கடற்படையின் பருவநிலை மாற்றப் பணிக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஓய்வுக்குப் பின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்க வலதுசாரிகளின் மறுப்புவாதத்துக்கு முன்னால் இந்த நேர்மை பெரிய விஷயம்தான். (பணிக்குழுவைக் கடற்படை 2019இல் சத்தமில்லாமல் கலைத்துவிட்டது.)

ஆனால் இந்த ஆய்வு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2007இல் ஆர்க்டிக் கடற்பனி அதுவரை பதிவாகாத அளவுக்குச் சுருங்கியது. கடற்படையின் கண்ணுக்கு அது, கப்பல் விட வேண்டிய ஒரு புதிய சமுத்திரம். நார்ஃபோக் தளத்தில் கடல் ஏறுகிறது, நிலமும் தாழ்கிறது; அப்படியென்றால் தளத்தை எப்படிக் காப்பாற்றுவது? கேள்விகள் நியாயமானவை. கேட்பது மட்டும் எப்போதும் படைதான்.

அதே 2007இல் ஓய்வுபெற்ற தளபதிகள் பதினொரு பேர் ஓர் அறிக்கைக்காகக் கூடினார்கள். பருவநிலை மாற்றத்தை ‘ஆபத்துப் பெருக்கி’ என்றது அந்த அறிக்கை. வறட்சியோ வெள்ளமோ தானாகப் போரை உண்டாக்காது. ஏற்கெனவே தளர்ந்துபோன அரசுகளில் இருக்கிற பிளவுகளைப் பெருக்கும் என்பது பொருள். கருத்தாக்கம் என்ற அளவில் இது மோசமில்லை. சிக்கல் அதன் இலக்கணத்தில் இருக்கிறது. இந்த வாக்கியத்தில் ஆபத்துக்குள்ளாவது ‘தேசம்’. உப்பேறிய வயலை விட்டுவிட்டுக் கிளம்பும் வங்கதேச விவசாயி இதில் எங்கே வருகிறான்? பெருகிவரும் ஆபத்தாக வருகிறான். இழந்தவனே மிரட்டுபவனாக மாறிப்போகிற விந்தை இது. இந்தச் சொல்லாடலுக்குள் நுழைந்துவிட்டால் விடையும் தயாராக இருக்கிறது: வேலி. 4,096 கிலோமீட்டர் வங்கதேச எல்லையில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் இந்தியா வேலி போட்டாயிற்று. அது பருவநிலைக்காகப் போட்டதல்ல, வாஸ்தவம். ஆனால் அதற்கு ஒரு புதிய நியாயம் இப்போது கிடைக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கடல் தன் தளத்தை என்ன செய்யும் என்று கணக்குப் போடும் ராணுவம், தான் கடலுக்கு என்ன செய்கிறது என்ற கணக்கை விட்டுவிடுகிறது. 1997இல் கியோட்டோவில், பன்னாட்டு ராணுவ நடவடிக்கைகளில் எரியும் எரிபொருளை நாடுகளின் கணக்கில் சேர்க்காமல் விடும்படி அமெரிக்கா பார்த்துக்கொண்டது. சலுகையை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தை ஏற்கவும் இல்லை, அது வேறு கதை. 2015இல் பாரிஸ் ஒப்பந்தமும் ராணுவப் புகையைக் கணக்குக் காட்டுவதைக் கட்டாயமாக்கவில்லை. நேட்டா கிராஃபோர்ட் என்ற அரசியல் அறிஞர் 2019இல் தானே கணக்கிட்டுப் பார்த்தார். 2017இல் மட்டும் பென்டகன் வெளியேற்றியது 5.9 கோடி டன்; ஸ்வீடன் என்ற முழு நாட்டின் அளவைவிட அதிகம். அந்த எண்ணைப் பென்டகன் தரவில்லை. எரிசக்தித் துறையின் எரிபொருள் புள்ளிவிவரங்களைக் கூட்டிப்போட்டு அவர் எடுக்க வேண்டியிருந்தது.