வீட்டுச் சேகரமும் மெமரி கார்டும்

வங்காள விரிகுடாவின் தென்கிழக்கே பெரும்பாலும் சமதளமாகக் கிடக்கும் கார் நிக்கோபார் தீவை 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபோது, கரையோரக் கிராமங்களில் மனிதர்களையும் வீடுகளையும் வாரிக்கொண்ட கடல், அவ்வீடுகளில் இருந்த படங்களையும் பத்திரங்களையும்கூட விட்டுவைக்கவில்லை. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைக்கப்படும் வரையில் செயற்கைக்கோளையே நம்பியிருந்த அந்த இடத்தில், குடும்ப ஞாபகங்களை இணையத்தில் ஏற்றிப் பாதுகாப்பது சுலபசாத்தியமாக இருக்கவில்லை. இத்தகைய வீடுகளுக்கு மெமரி கார்டு ஓர் அரிய சாதனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் சுபாவத்தை அறிந்தே அதை நம்ப வேண்டும்.

15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமுமே உள்ள ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு 1 டெராபைட் கொள்ளுமானால், படமொன்றுக்கு 5 மெகாபைட் வீதம் 2 லட்சம் படங்கள் அதில் அடங்கும். இந்த ஆச்சரியத்துக்கு மூலம், டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா 1987-இல் உலகறியச் செய்த நாண்ட் ஃபிளாஷ் என்னும் நுட்பம். மின்சாரம் கடத்தாத மெல்லிய படலத்தால் சூழப்பட்ட கோடிக்கணக்கான நுண்ணறைகளில் எலக்ட்ரான்களைச் சிறைவைத்து, அவற்றின் அளவையே எழுத்தாகவும் படமாகவும் கொள்வதுதான் அதன் சூட்சுமம். சுழலும் பாகம் எதுவும் இல்லாமையால் அதிர்ச்சியைத் தாங்கும்; மின்சாரம் நின்றாலும் எழுதியது நிற்கும். எனினும், ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அப்படலம் சிறிது தேய்கிறது. உஷ்ணம் மிகுந்தால், சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன. ஆகையால் வெயில் படாத இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்ட காற்றுப்புகாத டப்பாவில் அதை வைப்பது, உப்புக்காற்றும் ஈரமும் குறையாத தீவில் அவசியமாகிறது.

போலிகளின் விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். உள்ளே சொற்ப இடமே இருக்க, 1 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும் கார்டுகள் சந்தையில் உலவுகின்றன. உண்மையான இடம் தீர்ந்தபின் எழுதுவதெல்லாம் சத்தமின்றி அழிந்துபோகும். வாங்கியவுடன் முழுக்க நிரப்பி, எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா என்று பரீட்சித்த பிறகே அருமையானவற்றை அதில் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு நல்ல கார்டாயினும் ஒற்றைப் பிரதி பாதுகாப்பாகாது; ஒரே வீட்டில் உள்ள இரண்டு பிரதிகளும், அலை வருமிடத்தில், ஒன்றுக்குச் சமமே. ஆதலால் கடற்கரை வாசிகளே, ஒரு கார்டை உங்களிடம் வைத்துக்கொண்டு, மற்றொன்றை ஸ்ரீ விஜயபுரத்திலோ (முன்னைய போர்ட் பிளேர்) சென்னையிலோ உள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்துவையுங்கள். ஆண்டுக்கொரு முறை இரண்டையும் படித்துப் பார்த்து, சில ஆண்டுகளுக்கொரு முறை புதிய கார்டில் பிரதி எடுத்துவிடுங்கள்.