கைக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது

மேசைமேல் ஒரு தாள். அதில் இரட்டைக் கோட்டில் வரைந்த நட்சத்திரம். இரண்டு கோடுகளுக்கும் நடுவே பென்சிலால் இன்னொரு கோடு இழுக்க வேண்டும். தாளையும் கையையும் நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. எதிரே உள்ள கண்ணாடியில் தெரிவதை வைத்துத்தான் வரையவேண்டும். முனைகளில் திரும்பும்போது கை எதிர்ப்பக்கம் ஓடும். எவருக்கும் முதலில் கோணிக்கொண்டுதான் வரும். பல தடவை வரைந்தால் பழகிவிடும்.

1950களில் கனடாவின் மாண்ட்ரியலில் இருந்து வந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுத்தார். மூன்று நாட்களில் முப்பது தடவை அவர் வரைந்தார். நாளுக்கு நாள் தவறு குறைந்தது. மூன்றாம் நாள் கோடு ஏறக்குறைய பிசகவே இல்லை. ஆனால் முந்தைய நாள் வரைந்தது அவருக்குத் துளியும் நினைவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தத் தாள் அவருக்குப் புதிது.

அவர் பெயர் ஹென்றி மொலைசன். பிறந்தது 1926இல். சிறுவயதிலேயே தொடங்கிய வலிப்பு நோய், இளைஞரானபோது வேலைக்குப் போக முடியாத அளவுக்கு முற்றியது. மருந்து கேட்கவில்லை. 1953இல், அவருக்கு 27 வயதானபோது, ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கத்திலும் பொட்டுக்கு உட்புறமாக இருக்கும் ஒரு பகுதியை எடுத்தார். ஹிப்போகேம்பஸ் என்ற வளைந்த உறுப்பின் பெரும்பகுதியும் அதைச் சுற்றியிருந்த திசுவும் அதோடு போயின. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறன் அவரை விட்டுப் போய்விட்டது. 1957இல் ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை, இப்படி இரு பக்கமும் வெட்டக்கூடாது என்று மற்ற மருத்துவர்களுக்கு எச்சரிக்கையாகவும் அமைந்தது.

அவரிடம் போனது எது, மிஞ்சியது எது என்று பிரித்துப் பார்த்தாலே நினைவின் வகைகள் தாமாக விளங்கும். அறிவு மழுங்கவில்லை. பேச்சு தெளிவாக இருந்தது. சொல்லைக் கேட்டு, புரிந்து, பொருத்தமாகப் பதில் சொல்வார். ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோது சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு, அந்த இலக்கங்களைக் கூட்டியும் பிரித்தும் மனத்துக்குள் விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்ததாக விளக்கினார். பேச்சு வேறு பக்கம் திரும்பிய சற்று நேரத்தில் எண் மட்டுமல்ல, தன்னிடம் ஓர் எண் சொல்லப்பட்டதே அவருக்கு மறந்துவிட்டது.

இந்தக் கால் மணி நேரம் செயல்பட்டதைத்தான் செயல்படு நினைவு என்கிறார்கள். கடைக்காரர் சொன்ன தொகையை மனத்தில் வைத்தபடியே பையில் சில்லறை எண்ணுவது அதன் வேலை. கவனம் இருக்கும்வரை அது நிற்கும். கவனம் விலகினால் போய்விடும். அதன் கொள்ளளவு மிகச் சிறியது. 1956இல் ஜார்ஜ் மில்லர் ஏழு உருப்படிகளை ஒட்டி என்றார். இப்போது பல ஆய்வாளர்கள் நான்கு என்று சுருக்கிவிட்டார்கள்.

நீண்டகால நினைவிலும் அவருக்குச் சில மிஞ்சின. பிள்ளைப் பருவம், பெற்றோர், கற்ற மொழி எல்லாம் இருந்தன. இல்லாதவை பெரும்பாலும் அறுவைக்குப் பின் நடந்தவை. 1972இல் எண்டல் டல்விங், நாம் வாழ்ந்து கடந்த நிகழ்வுகளின் நினைவையும் உலகத்தைப் பற்றிய அறிவின் நினைவையும் தனித்தனி வகைகளாகப் பிரித்தார். காவிரி குடகில் பிறக்கிறது என்று தெரிந்திருப்பது ஒன்று; அதை எந்த வகுப்பில், யார் சொல்லிக் கேட்டோம் என்பது இன்னொன்று. மொலைசனால் இரண்டிலும் ஏறக்குறைய எதையும் புதிதாகச் சேர்க்க முடியவில்லை. சூசன் கார்க்கின் என்ற ஆய்வாளர் நாற்பதாண்டுகளுக்கு மேல் அவரோடு வேலை செய்தார். அவர் யாரென்று மொலைசன் ஒருநாளும் உறுதியாக அறிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பார்த்த முகம் என்று எண்ணியதுண்டு.

கைப்பழக்கம் மட்டும் அந்த அறுவைக்குத் தப்பியது. சைக்கிள் ஓட்டுவது, தட்டச்சு, தையல் போன்ற செய்முறை நினைவுகளைப் பேணுவதில் சிறுமூளைக்கும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்புத் திரள்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அவை வெட்டப்பட்ட இடத்துக்கு வெளியே இருக்கின்றன. அதனால்தான் நட்சத்திரம் வந்தது, வரைந்த நாள் வரவில்லை. நினைவாற்றல் என்று ஒரே பெயரால் நாம் அழைப்பது, தனித்தனி இடங்களில் நடக்கும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அப்படியானால் அந்த மனிதரிடம் நின்றுபோன வேலை என்ன? பட்டறிவைப் பதிவாக மாற்றும் வேலை. நம்மிடம் அது ஓயாமல் நடக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 1975இல் ஃபெர்கஸ் கிரெய்க்கும் டல்விங்கும் சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, சிலவற்றுக்கு எழுத்து வடிவைப் பற்றியும், சிலவற்றுக்கு ஒலி இயைபைப் பற்றியும், சிலவற்றுக்குப் பொருளைப் பற்றியும் கேள்வி கேட்டார்கள். பிறகு எதிர்பாராத ஒரு தேர்வு. பொருளைப் பற்றி யோசிக்க வைத்த சொற்களே மற்றவற்றைவிட மிக அதிகமாக நினைவில் நின்றன. நினைவில் வைக்க வேண்டும் என்ற எண்ணத்தைவிட, அந்தச் சொல்லோடு மனம் என்ன செய்தது என்பதே முக்கியமாக இருந்தது.

இதன் எல்லை எவ்வளவு தூரம் போகும் என்று 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சராசரி நினைவுத் திறன் கொண்ட ஒரு கல்லூரி மாணவருக்கு நொடிக்கு ஓர் இலக்கமாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்தார்கள். தொடக்கத்தில் ஏழு. சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின் 79. அவர் ஓட்டப் பந்தய வீரர். 3492 என்று கேட்டால் அதை ஒரு மைல் ஓட்டத்தின் நேரமாக, 3 நிமிடம் 49.2 நொடி என்று மாற்றிக்கொள்வார். அன்றைய உலக சாதனைக்கு அருகில் வந்த நேரம் அல்லவா, அது மறக்காது. ஆனால் இலக்கங்களுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னபோது அவரால் ஆறைத்தான் திருப்பிச் சொல்ல முடிந்தது. அவருடைய நினைவுக் கொள்ளளவு பெருகவில்லை. ஏற்கெனவே நன்றாக அறிந்த ஒன்றோடு புதியதைப் பிணைக்கக் கற்றிருந்தார், அவ்வளவுதான். பிள்ளையின் நினைவாற்றலைப் பொதுவாகவே பெருக்கித் தருகிறோம் என்று கட்டணம் கேட்கும் வகுப்புகளை அணுகும் பெற்றோர், பணம் கட்டுமுன் இந்த ஆறு என்ற எண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பிணைப்பு என்பது மூளைக்குள் உண்மையாகவே நடக்கும் மாற்றம். 1973இல் டிம் பிளிஸ், டெரியே லோமோ இருவரும் மயக்கத்தில் இருந்த முயல்களின் ஹிப்போகேம்பஸில் ஒரு நரம்புப் பாதையைச் சிறிது நேரம் வேகமாகத் தூண்டினார்கள். அதன்பின் அதே பாதையில் வந்த சமிக்ஞைக்கு மறுமுனை நரம்புகள் பல மணி நேரம் கூடுதல் வலுவோடு பதில் தந்தன. நரம்புகள் சந்திக்கும் இடம் பயன்பாட்டால் வலுப்பெறுகிறது.

அந்த வலு நிலைக்க நேரம் பிடிக்கும், தூக்கமும் வேண்டும். பகலில் ஓர் இடத்தில் நடந்தபோது சேர்ந்து இயங்கிய எலியின் ஹிப்போகேம்பஸ் நரம்புகள், பிறகு அது உறங்கும்போதும் சேர்ந்து இயங்கியதை மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1994இல் பதிவு செய்தார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படிக்கும் பிள்ளை இந்த வேலைக்கான நேரத்தை எடுத்துப் படிப்புக்குக் கொடுக்கிறது.

பதிந்ததை வெளியே எடுப்பதும் பதிவைப் பாதிக்கிறது. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் 42 விழுக்காடுதான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 56. இரண்டாம் முறை படிக்கும்போது வரி பழகியதாகத் தோன்றுகிறது. அந்தப் பழக்கத்தை நாம் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெற்றுத்தாளை எடுத்தால்தான் எது தங்கியது, எது தங்கவில்லை என்று தெரியும். அப்படித் தடுமாறி எடுப்பதே அந்தப் பதிவை அடுத்த வாரத்துக்கும் வலுவாக்குகிறது.