அம்பாசிடருக்கு வேற இன்ஜின்: முதல்ல ஆர்.சி., அப்புறம் தகரம், கடைசியிலதான் இன்ஜின்

தூத்துக்குடி கடற்கரைப் பக்கம் இருபது வருஷம் சும்மா நின்ற ஒரு அம்பாசிடர். விருதுநகரில் அதே இருபது வருஷம் சும்மா நின்ற இன்னொரு அம்பாசிடர். ரெண்டுக்கும் கதவுக்குக் கீழே இருக்கிற தகரத்தை விரல் மொட்டியால் தட்டிப் பாருங்க. முதல் வண்டியில் பொத்தல் பானையைத் தட்டின மாதிரி இருக்கும். நம்ம ஊர் வண்டியில் பெரும்பாலும் நல்ல 'டங்' சத்தம் வரும்.

காரணம் உப்புக் காற்றும் ஈரமும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். நம்ம பக்கம் வருஷத்தில் பல மாசம் பகல் நேரக் காற்று அதற்குக் கீழேதான் இருக்கும். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை சிவகாசியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தொழில் இங்கே காலூன்ற ஒரு முக்கியக் காரணம், குச்சியையும் மருந்தையும் காய வைக்கிற இந்த வறண்ட காற்றுதான். மழை இல்லைன்னு நாம திட்டிக்கிட்டே இருக்கிற அதே காற்று, தாத்தா வண்டியின் தகரத்தையும் காப்பாத்தி வச்சிருக்கு.

அதனால்தான் மெக்கானிக்கல் பசங்க நாலு பேர் சேர்ந்தா யாராவது ஒருத்தன், "எங்க வீட்ல ஒரு அம்பாசிடர் நிக்குதுடா, இன்ஜினை மட்டும் மாத்திட்டா ஓடிரும்" என்கிறான். அந்த 'மட்டும்' என்ற வார்த்தைதான் சிக்கல். இன்ஜினை வாங்கி வந்து மூலையில் வச்சுட்டு, பிறகு பாடியைப் பார்த்து, கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போறவங்க அநேகம். வரிசையை அப்படியே தலைகீழாக்கணும்.

முதல் வேலைக்கு ஸ்பேனர் வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பதிவான தேதியைப் பாருங்க. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 வருஷம் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஆனா ஒரு நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் காலேஜுக்கு ஓட்டவும் முடியாது, கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று சில காரணங்களுக்குத்தான்.

அதாவது உங்க வீட்டு வண்டி மார்க் 1 அல்லது மார்க் 2 ஆக இருந்து, 1975-க்கு முன்னால் பதிவாகியிருந்தால், இன்ஜினை மாத்துற அன்னைக்கே அந்த வாய்ப்பு போயிடும். என்னைக் கேட்டா அந்த வண்டியில் பழைய 1489 சி.சி. இன்ஜினையே போர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, உயிர் கொடுக்கிறதுதான் சரி. லேத் பட்டறைக்குப் பழக்கமான இன்ஜின் அது, ஒண்ணும் மந்திரம் இல்லை.

வண்டி மார்க் 4 அல்லது நோவான்னா கதை வேற. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐப் படிங்க. ஆர்.சி.யில் இருக்கிற விவரம் உற்பத்தியாளர் முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகிற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது என்பதுதான் அடிப்படை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கு. அனுமதி வாங்காம இன்ஜினை மாத்தியிருந்தா 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கணும். விதியை மீறி வண்டியை மாத்தின உரிமையாளருக்கு, 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-இன்படி ஆறு மாசம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். அதனால இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்க. "எங்க மெக்கானிக் பார்த்துக்கிறேன்னு சொன்னாரு" என்பது எப்.சி. அன்னைக்கு உதவாது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் இன்ஜின் நம்பரைப் பார்க்கும்போது அதைவிட உதவாது.

சரி, இப்ப தகரத்துக்கு வருவோம். அம்பாசிடருக்குத் தனியா சேஸிஸ் கிடையாது. லாரியிலோ ஜீப்பிலோ இருக்கிற மாதிரி கீழே ஒரு சட்டம், மேலே ஒரு கூடு என்ற கதையே இல்லை. நம்ம சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடியைக் கழட்டித் தனியா வச்சுட்டு வேலை பார்க்கலாம். அம்பாசிடரில் புளோர், கதவுக்குக் கீழே ஓடுற சில், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குது. இன்ஜின் மவுண்டிங்கில் விழுகிற சுமையும் கடைசியில் அந்தத் தகரத்துக்குத்தான் போகுது.

செகண்ட் இயர் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் மூடிய குழாய், திறந்த குழாய் என்று ஒரு கணக்கு போட்டோமே, ஞாபகம் இருக்கா? எக்ஸாம் முடிஞ்சதும் மறந்திருப்பீங்க. அதை இங்கே போட்டுப் பாருங்க. சில்லை 100 மில்லிமீட்டர் சதுரப் பெட்டி என்று வச்சுக்குவோம், தகரம் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர். மூடிய பெட்டியின் முறுக்கு மாறிலி 12 லட்சம் மில்லிமீட்டர் நாலாம் அடுக்கு வரும். அதே பெட்டியின் ஒரு ஓரத்துத் தையல் நீளவாக்கில் துருவில் திறந்துட்டா, வெறும் 230. ஐயாயிரம் மடங்குக்கு மேல குறையுது! தகரத்தின் எடை ஒரு கிராம்கூடக் குறைஞ்சிருக்காது, வெளியிலிருந்து பார்த்தா ஒரு கோடு மாதிரி துரு தெரியும், அவ்வளவுதான். நிஜ வண்டியில் மத்த பாகங்களும் தாங்கும் என்பதால் இவ்வளவு மோசமா இருக்காது. ஆனா ஜாக்கியை ஒரு பக்கம் ஏத்தினா கதவு பூட்ட மாட்டேங்குதுன்னா காரணம் இதுதான்.

அந்தக் கோட்டை மறைச்சு பட்டி பார்த்து டூகோ அடிச்சிருப்பாங்க. கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுத்தி, பாடி முழுக்க ஒட்டிக்கிட்டே போங்க. எங்கே பிடி தளர்றதோ அங்கே பட்டி. முன் சீட்டுக்கடியில் ரப்பர் மேட்டைத் தூக்குங்க. அதுக்குக் கீழே இருக்கிற சணல் விரிப்பு, முன் கண்ணாடி ரப்பர் வழியா ஒரு ஐப்பசி மழையில் இறங்கின தண்ணியைச் சித்திரை வரைக்கும் வச்சிருக்கும். ஊர் எவ்வளவு காய்ஞ்சாலும் அந்த விரிப்புக்குள்ள ஈரம்தான். முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் பின்னால் போய்ப் புளோருக்கடியில் மாட்டுற இடத்தை மட்டும் ரெண்டு தடவை பாருங்க. வண்டியின் முன்பக்க எடை முழுவதையும் பிடிச்சுக்கிட்டு நிக்கிற இடம் அது. அங்கே துரு ஆழமா இருந்தா இன்ஜின் பேச்சையே கொஞ்ச நாள் நிறுத்திடுங்க.

வெட்டுறதுக்கு முன்னாடி, கதவுகள் மாட்டியிருக்கும்போதே இடைவெளியை அளந்து எழுதிக்கோங்க. கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் வச்சு வெல்டு பண்ணுங்க. ஒரு நேரத்தில் ஒரு பக்க சில்லை மட்டும் வெட்டுங்க, ரெண்டையும் சேர்த்து வெட்டினா வண்டி வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடும். பழைய டிங்கர்கள் கேஸ் வெல்டிங்கில் அற்புதமா வேலை செய்வாங்க, ஆனா அகலமான தகரத்தில் அந்தச் சூடு பரவி நெளிவு விடும். மிக் வெல்டிங் கிடைச்சா ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் தள்ளி அங்கே என்று ஆறவிட்டு வைக்கலாம். நெளிவைத் தட்டி எடுக்கிற டிங்கரின் கையும் சுத்தியலும் டாலியும் மட்டும் எந்த மெஷினும் கொடுக்காது, அவர் பக்கத்தில் ரெண்டு நாள் சும்மா நின்னு பாருங்க.

நம்ம ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை இருக்கு. துரு என்பது இரும்பு ஆக்சைடு. அதோடு அலுமினியத் தூள் சேர்ந்து போதுமான சூடு கிடைச்சா, அலுமினியம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும். ரயில் தண்டவாளத்தை ஒட்ட வைக்கிற தெர்மிட் வெல்டிங் இதுதான். பட்டாசு வெள்ளையா ஜொலிக்கிறதும் அலுமினியத் தூளால்தான். இப்ப பட்டறையை நினைச்சுப் பாருங்க. கியர்பாக்ஸ் கூட்டையோ அடாப்டர் பிளேட்டையோ ராவின அதே கிரைண்டர் கல்லில், அதே பெஞ்சில், துருப்பிடிச்ச சில்லை ராவினா என்ன சேருது? இரும்புக்கு ஒரு கல், அலுமினியத்துக்கு ஒரு கல், பெஞ்சும் வேற வேற. துருவுக்கு மேல் சில்வர் பெயின்ட் அடிச்ச இடத்தில் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீங்க, அந்தப் பெயின்டிலும் இருக்கிறது அலுமினியம்தான். வண்டி ஒரு காலத்தில் பட்டாசுச் சரக்கோ மருந்து மூட்டையோ ஏத்தினதா என்று வீட்டுப் பெரியவங்ககிட்ட விசாரிங்க. ஆமான்னா, டிக்கியையும் சீட்டையும் தண்ணி விட்டுக் கழுவி எடுக்கும் வரை கிரைண்டரை பிளக்கில்கூட மாட்டாதீங்க. பெட்ரோல் டேங்கைக் கழட்டி வேற கட்டடத்துக்கே கொண்டு போயிடுங்க. காலி டேங்க் என்பது ஆவி நிறைஞ்ச டேங்க்.

இனி இன்ஜின். எந்த இன்ஜின் என்ற கேள்விக்கு இந்துஸ்தான் மோட்டார்ஸே பாதிப் பதிலைச் சொல்லிட்டுப் போயிருக்கு. 2014-இல் உத்தரபாரா ஆலையில் தயாரிப்பு நிற்கும்வரை அம்பாசிடரில் 1489 சி.சி. பெட்ரோலும் டீசலும் வந்தன, 1990-களில் 1817 சி.சி. இசுசூ பெட்ரோலும், பிறகு 1995 சி.சி. இசுசூ டீசலும் வந்தன. குட்டி ஜப்பானுக்கு ஜப்பான் இன்ஜின், பொருத்தம்தான்! ஆலையிலேயே இந்தப் பாடியில் உட்கார்ந்த இன்ஜின் என்பதால் மவுண்டிங், ரேடியேட்டர், சைலன்சர் எல்லாம் ஒரு கழிவு வண்டியிலிருந்து செட்டாக் கிடைக்கும். வேற கம்பெனி டீசலைப் போட்டா ஒவ்வொன்றையும் நாமதான் செய்யணும், ஆர்.டி.ஓ.விடம் விளக்குறதும் கஷ்டம்.

பழைய அம்பாசிடருக்கு கியர் ஸ்டியரிங் பக்கத்தில், நாலு கியர். இசுசூ பெட்ரோலோட வர்ற அஞ்சு கியர் பெட்டிக்குக் கியர் தரையில். ஆக புளோரின் நடுமேட்டில் ஓட்டை வெட்டணும், நீள சீட்டில் நடுவில் உட்கார்ற பாட்டிக்கு இடம் போயிடும். புளோரை வெல்டு பண்ணிப் பெயின்ட் அடிச்ச பிறகு இது ஞாபகம் வந்தா என்ன ஆகும்? அதனாலதான் பிரைமருக்கு முன்னாடியே, செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இன்ஜினையும் பெட்டியையும் ஒரு தடவை உட்கார வச்சுப் பார்க்கணும். ஜாயின்ட் ஷாஃப்டின் நீளம், கோணம், ஃபேன் ரேடியேட்டரைத் தொடுதா என்பதெல்லாம் அப்பவே தெரிஞ்சிடும். சுண்ணாம்புக்கட்டியால் குறிச்சுட்டு இறக்கிடுங்க.

பின் ஆக்சிலின் விகிதத்தையும் எண்ணுங்க. பின் சக்கரம் ஒன்றை அசையாமல் வச்சு, தூக்கிய மற்றதை ரெண்டு சுத்து சுத்தினா, ஜாயின்ட் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ அதுதான் கிரவுன்-பினியன் விகிதம். 4.55 வந்தது என்று வைப்போம். டயரின் சுற்றளவை டேப்பில் அளந்தா ஏறக்குறைய 2.05 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 1,333 மீட்டர், சக்கரம் 650 சுத்து. நேர் டாப் கியரில் இன்ஜின் சுமார் 2,960 சுத்து. அஞ்சாவது கியர் 0.85 என்றால் 2,515. நாலு வழிச்சாலையில் மதுரைக்குப் போய் வர்றவங்களுக்கு இந்த 445 சுத்துதான் மொத்தப் பயன்.

வேகம் கூடும்போது பிரேக்கை மறக்காதீங்க. 80-இலிருந்து 100-க்குப் போனா நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல. பழைய டிரம் பிரேக்கோட அதைச் செய்யறது நியாயமில்லை, டிஸ்க் வந்த பிந்தைய வண்டியின் முன் அச்சு பாகங்களையும் அனுமதி விண்ணப்பத்தில் சேர்த்துக் கேளுங்க. டீசல் போட்டா முன்பக்க எடை கூடும், டார்ஷன் பாரை மறுபடி செட் பண்ணணும். டீசலில் உறிஞ்சு வெற்றிடம் கிடைக்காது, பிரேக் பூஸ்டருக்குத் தனி வேக்கம் பம்ப் வேணும். ஹீட்டர் பிளக்கைத் தாங்க பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் பெரிசாகணும்.

பெயின்ட் கடைசி. ஈரக்காற்றில் என்.சி. பெயின்ட் அடிச்சா மேலே பால் படிஞ்ச மாதிரி வெளுத்துப் போகும், அதனால ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். தை முடிஞ்சு மாசி, பங்குனியில் அடிங்க. ஆடிக் காற்றில் புழுதி வந்து ஒட்டிக்கும். இந்த என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ், துப்பாக்கிப் பஞ்சுக்குப் பங்காளி. வாட்டர் பேப்பர் போட்ட தூளையும் தரையில் படிஞ்ச காய்ந்த பெயின்டையும் தண்ணியில் நனைச்சு அன்னன்னைக்கே கூட்டி அள்ளிடுங்க, மூலையில் குவிச்சு வைக்காதீங்க.