வெளுத்த பவளம் பிழைக்குமா?

பவளம் என்றதும் மாலையில் கோத்த செம்மணியே நம் நினைவுக்கு வரும். அம்மணியோ கடல்வாழ் சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய கூடு. அவ்வினத்தைச் சேர்ந்த பலநிறப் பவளங்களை, அமெரிக்கா, ஜெர்மனி முதலிய நாடுகளில் வீட்டுக் கூடத்திலேயே கடல்நீர்த் தொட்டி அமைத்து வளர்ப்போர் பலர்.

அன்புடன் வளர்த்த பவளம் ஒருநாள் வெளுத்து நிற்கக் கண்டால் நெஞ்சம் பதைக்கும். இறந்துவிட்டதென்று எறிந்துவிடலாமா? கூடாது. பவளத்தின் தசையினுள் ஓரணுப் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் உணவே பவளத்தின் பெரும்பகுதி உணவு. வெப்பமோ ஒளியோ அளவு மீறினால் அப்பாசிகள் நீங்குகின்றன, நிறமும் மறைகிறது. வெண்கூட்டின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தசை எஞ்சியிருக்குமாயின், பவளம் சாகவில்லை, பசித்திருக்கிறது.

இந்நிலையில் பதற்றமே பெரும்பகை. நீர் முழுவதையும் ஒரேயடியாக மாற்றுவதும், நாளுக்கோர் இடமாகப் பவளத்தை நகர்த்துவதும் அதனை மேலும் நலிவுறச் செய்யும். செம்பு கலந்த மீன் மருந்தோ அதற்கு நஞ்சேயாகும்.

முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். வெப்பம் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ், உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமை ஆகியவை நல்ல அளவுகள். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆதலின், குறைந்த நீருக்கு ஈடாகத் தூய நன்னீரையே ஊற்ற வேண்டும். ஒளியைத் தணித்து, பின்னர் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். நோயில் எழுந்தவருக்கு முதல் நாளே விருந்து படைப்பாருண்டோ? கஞ்சியிலன்றோ தொடங்குவோம்! அவ்வாறே நுண்ணிய இறால் குஞ்சுகளைச் சிறிதளவே ஊட்டுதல் நலம். மிஞ்சிய உணவு நீரைக் கெடுக்கும். பொறுத்திருப்பின், சில வாரங்களிலோ மாதங்களிலோ பாசிகள் பெருகி, நிறம் திரும்பக்கூடும்.

நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து அவற்றைப் பெயர்த்தெடுப்பது குற்றம். எனினும் இவ்வுண்மை நமக்கும் உரியதே. 2016ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவின் நீர் சூடேறியபோது அங்குள்ள பவளங்களும் இவ்வாறே வெளுத்தன. அவற்றுள் ஒரு பகுதி மடிந்தது. தொட்டியைக் குளிர்விக்க ஒரு வீட்டாரால் முடியும். கடலைக் குளிர்விக்க எவ்வீட்டாராலும் தனித்து இயலாது.