ஒரு பூவுக்காக ஒரு சண்டை: ‘நெய்பர்ஸ்’ குறும்படம் உருவான விதம்

ஒரு பூ யாருக்குச் சொந்தம் என்று அண்டை வீட்டார் இருவர் அடித்துக்கொண்டு மாள்கிறார்கள். 1952இல் வெளிவந்த ‘நெய்பர்ஸ்’ குறும்படத்தின் கதை இவ்வளவுதான். ஓடுவது எட்டே நிமிடம்; வசனம் கிடையாது.

ஸ்காட்லாந்தில் பிறந்த நார்மன் மெக்லாரன், கொரியப் போர்க் காலத்தில் கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக இதை இயக்கினார். பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் முறையை மனிதர்களிடமே கையாண்டார். நடிகர் திரும்பத் திரும்பக் குதிப்பார். கால் தரையில் படாத நொடியை மட்டும் கேமரா பிடிக்கும். அப்படங்களைத் தொடர்ந்து ஓட்டினால் அவர் காற்றில் மிதப்பார். இசைக்கருவிகளும் இல்லை, ஃபிலிமின் ஒலித்தடத்தில் கோடுகளைப் பதித்தே ஒலி உண்டாக்கினார்.

அந்த விசித்திர அசைவுகள் முதலில் சிரிக்க வைக்கும். சண்டை மனைவி, குழந்தைகள்வரை போகும்போது சிரிப்பு அடங்கிவிடும். இப்படம் ஆஸ்கார் விருதும் வென்றது.