வடிவமைப்புப் பாங்குகளின் கூட்டுப் பயன்பாடு

வடிவமைப்புப் பாங்கு என்பது பொருள் நோக்கு நிரலாக்கத்தில் அடிக்கடி எழும் ஒரு சிக்கலுக்கு, பலரும் பயன்படுத்திப் பலன் கண்ட தீர்வின் பொது வடிவம் ஆகும். நிரலாளர்கள் இதனை டிசைன் பேட்டர்ன் என்பர். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வரும் 1994 இல் வெளியிட்ட நூலில் இத்தகைய 23 பாங்குகளைத் தொகுத்துள்ளனர்.

மென்பொருளில் பாங்குகள் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. ஒரு பாங்கு தீர்க்கும் சிக்கலோடு புதிய சிக்கலும் பிறக்கலாம். அதற்கு மற்றொரு பாங்கு தேவைப்படும். எனவே பாங்குகள் எவ்வாறு இணைகின்றன என்பது மென்பொருளின் தரத்தைப் பெரிதும் பாதிக்கிறது.

எடுத்துக்காட்டு

ஒரே தரவை அட்டவணையாகவும் பட்டை விளக்கப்படமாகவும் வட்ட விளக்கப்படமாகவும் காட்டும் மென்பொருளைக் கருதலாம். இதற்கு அப்சர்வர் பாங்கு பொருந்தும். தரவு மாறியதும், அதனிடம் பதிவு செய்துள்ள எல்லாக் காட்சிகளுக்கும் அறிவிப்பு செல்லும். புதிய காட்சியைச் சேர்க்கத் தரவு வகுப்பைத் திருத்த வேண்டியதில்லை.

ஆனால் ஒரு காட்சி இரண்டு தரவுப் பொருள்களைக் கவனிக்கிறது என்று கொள்வோம். ஒரே செயலில் இரண்டும் மாறினால், காட்சி இருமுறை புதுப்பிக்கப்படும். முதல் முறை பாதி மாறிய தரவே திரையில் தெரியக்கூடும். இதைத் தவிர்க்க, எல்லா மாற்றங்களும் முடிந்த பின் ஒருமுறை மட்டும் அறிவிக்கும் மாற்ற மேலாளர் ஒன்றை அந்நூல் விளக்குகிறது. இது மீடியேட்டர் பாங்காகச் செயல்படுகிறது. மேலாளர் ஒன்றே ஒன்றாகவும் எங்கிருந்தும் அணுகக்கூடியதாகவும் இருக்க, சிங்கிள்டன் பாங்கைப் பயன்படுத்தலாம் என்றும் அந்நூல் குறிப்பிடுகிறது.

தரத்தின் மீதான விளைவு

மூன்று பாங்குகளும் நன்மையோடு சுமையையும் தருகின்றன.

அப்சர்வர்: விரிவாக்கம் எளிதாகும். ஒரு மாற்றத்தால் எந்தெந்தப் பகுதிகள் இயங்கும் என்பதை நிரலைப் படித்து அறிவது கடினமாகும்.

மீடியேட்டர்: தேவையற்ற புதுப்பிப்புகள் குறையும். பல விதிகள் ஒரே வகுப்பில் குவிந்து, அது சிக்கலாகலாம்.

சிங்கிள்டன்: அணுகுவது எளிது. ஆனால் எந்த வகுப்பு மேலாளரைச் சார்ந்துள்ளது என்பது வெளியே தெரியாது. சோதனையின்போது அதற்குப் பதிலாக மாதிரிப் பொருளை வைப்பது கடினம். ஒரு சோதனை விட்டுச்சென்ற நிலை அடுத்த சோதனையின் முடிவையும் பாதிக்கலாம்.

ஆக, அப்சர்வர் தளர்த்திய பிணைப்பைச் சிங்கிள்டன் மறைமுகமாகத் திரும்பக் கொண்டுவருகிறது. நிரலின் தொடக்கத்தில் மேலாளரை ஒருமுறை உருவாக்கி, தேவைப்படும் பொருள்களுக்கு அவை உருவாகும்போதே கொடுத்துவிட்டால் இக்குறை நீங்கும். மேலாளர் ஒன்றாகவே இருக்கும். சார்பும் வெளிப்படையாகத் தெரியும்.

ஒரு தரவும் ஒரு காட்சியும் மட்டுமே உள்ள சிறு நிரலுக்கு இவை எதுவும் தேவையில்லை. நேரடி அழைப்பே போதுமானது.