தடுப்பாட்டக்காரருக்குக் கிளப்தான் முதல் துணை

முன்கள வீரர் போட்ட கோல்களையெல்லாம் சில நிமிட வீடியோவாகத் தொகுத்து எந்தக் கிளப்புக்கும் அனுப்பலாம். தடுப்பாட்டக்காரருக்கு அந்த வசதி கிடையாது. பந்து வருமுன்பே இடத்தை அடைப்பது, தடுப்பு வரிசையின் நால்வரும் ஒரே நொடியில் முன்னேறி எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைப்பது, பக்கத்தில் நிற்பவர் ஏமாந்தால் ஓடிப்போய் அவர் இடத்தை மூடுவது எல்லாம் பல மாதம் சேர்ந்து ஆடியவர்களுக்குள் விளையும் புரிதல். ஆகவே கால்வலுவுக்கு நிகராக, கிளப் நிலைத்து நிற்பதும் அவருடைய தொழிலைத் தீர்மானிக்கிறது. இத்தாலியின் பாவ்லோ மால்தினி 40 வயதுவரை ஆடியது ஏசி மிலான் என்ற ஒரே கிளப்புக்குத்தான்.

ஐதராபாத்தின் கதை இதையே இரு விதமாகச் சொல்கிறது. சையத் அப்துல் ரஹீமின் பயிற்சியில் ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. அந்த அணியின் ரைட் பேக் அஜீசுதீன் 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் இரண்டிலும் ஆடினார். மெல்போர்னில் இந்தியாவுக்கு நான்காம் இடம். அரசு வேலை ஆட்டக்காரரை மந்தமாக்கிவிடும் என்பார்கள். அந்த ஐந்து கோப்பைகளும் அதற்கு மறுப்பு. வேலை உறுதியாக இருந்ததால் அணி கலையவில்லை; கலையாததால் தடுப்பு இறுகியது.

2019இல் ஐதராபாத் எஃப்சி பிறந்தது. பெல் ஆலையால் வளர்ந்த ஐதராபாத் புறநகர் ராமச்சந்திராபுரத்துக்கு, கச்சிபௌலியில் உள்ள அதன் மைதானம் தொலைவில்லை. ஆஷிஷ் ராய், சிங்லென்சானா சிங், ஆகாஷ் மிஸ்ரா போன்ற இளைஞர்களை நம்பித் தடுப்பைக் கட்டினார் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ். 2022 மார்ச் 20 அன்று கோவாவில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வீழ்த்தி அணி இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்றது. அதன்பின் சம்பளப் பாக்கி, வீரர்களைச் சேர்க்கத் தடை என்று சரிந்து, 2025இல் கிளப்பே டெல்லிக்குப் போய்விட்டது. இன்று ராமச்சந்திராபுரத்துப் பையன் போய்ப் பார்க்க நகரத்தில் ஐஎஸ்எல் அணி இல்லை.

திறமைசாலிகள் பிழைத்துக்கொண்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான். 2022இல் மோகன் பகானுக்குப் போன ராய் அடுத்த பருவத்திலேயே அங்கும் கோப்பை வென்றார். மிஸ்ராவை 2023இல் மும்பை எடுத்துக்கொண்டது. ஆனால் அவர்கள் இளைஞர்கள், உடல் முழு நலத்தோடு இருந்தவர்கள். முழங்கால் தசைநார் கிழிந்து படுத்தவரின் நிலை வேறு. இந்தியத் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் அத்தகைய காயத்தால் 2019-20 பருவம் முழுவதையும் இழந்தார். மீண்டு வந்து, அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் 2021ஆம் ஆண்டின் சிறந்த வீரரானார். அவர் ஏற்கெனவே நாடறிந்த பெயர். பெயர் பரவாத ஒரு தடுப்பாட்டக்காரர், சம்பளம் தராத கிளப்பில் இருக்கும்போது அதே காயம் பட்டால், காட்ட அவரிடம் கோலும் இல்லை, காத்திருக்கப் பணமும் இல்லை. ஒரு பருவத்தின் முழுச் சம்பளத்தையும் காயக் காப்பீட்டையும் முன்கூட்டியே வைப்பாகக் கட்டாத கிளப்புக்கு லீக் உரிமம் தரக் கூடாது.